ஜவ்வாது மலை பல்புக்கும் ஜெர்மன் கடனுக்கும் என்ன சம்பந்தம்? நிலக்கரி மின்சாரத்துக்கு வெளிநாட்டுப் பணம் வந்த கதை

ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஏதோ ஒரு மலைக்கிராமம். சாயங்காலம் ஆறரை மணி. வீட்டில் ஒருவர் சுவிட்ச்சைப் போடுகிறார், பல்பு எரிகிறது. இந்த கரண்ட் எங்கிருந்து வருது என்று கேட்டால், "ஈ.பி.ல இருந்துதான்" என்பார்கள். சரியான பதில்தான். ஆனால் அந்த ஈ.பி. கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் சோவியத் ரூபிள், ஜெர்மன் மார்க், ஆசிய வளர்ச்சி வங்கியின் டாலர் என்று ஒவ்வொன்றாக எதிரே வரும். தமிழ்நாட்டில் கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் வேலைக்கு வெளிநாட்டுப் பணம் வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஏழை நாடுகளில் நிலக்கரி, எரிவாயு மின்சாரத்துக்கு இனியும் கடன் கொடுக்கலாமா என்று உலகம் முழுக்க இப்போது சண்டை நடக்கிறது. அதற்கு நடுவில் அடிக்கடி இழுக்கப்படும் பெயர் "மின்சாரம் இல்லாத ஏழை". அந்த ஏழைக்கு இந்தப் பணத்தால் என்ன கிடைத்தது? அதைப் பார்க்க நம்ம ஊர் கதையே போதும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 ஏப்ரலில் அமெரிக்க நிதி அமைச்சர் ஸ்காட் பெசன்ட் ஒரு கோரிக்கை வைத்தார். உலக வங்கி, காற்றாலை சூரியசக்தி என்று மட்டும் பார்க்காமல், எரிவாயு உள்ளிட்ட புதைபடிவ எரிபொருள் திட்டங்களுக்கும் கடன் கொடுக்க வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். உலக வங்கியின் மிகப் பெரிய பங்குதாரர் அமெரிக்கா. அதனால் இதை வெறும் கருத்து என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த இரண்டே மாதத்தில், அதாவது ஜூனில், உலக வங்கித் தலைவர் அஜய் பங்கா ஒரு மாற்றத்தை அறிவித்தார். அணுமின் திட்டங்களுக்குக் கடன் இல்லை என்று பல பத்தாண்டுகளாக இருந்த நிலைப்பாடு கைவிடப்பட்டது. பூமியிலிருந்து எரிவாயு எடுக்கும் திட்டங்களுக்குக் கொடுப்பதா என்பதில் மட்டும் இயக்குநர் குழுவில் ஒருமித்த முடிவு வரவில்லை.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறார்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் சுமார் 60 கோடி பேருக்கு இன்னும் மின்சாரம் இல்லை. "நீங்க நூத்தம்பது வருஷம் கரி எரிச்சு பணக்காரன் ஆயிட்டீங்க, இப்போ நாங்க எரிக்கும்போது மட்டும் பூமி சூடாகுதுன்னு சொல்றீங்களா?" என்பது ஒரு பக்கம். "ஏழைகள் பெயரைச் சொல்லி வாங்கும் கடன் பெரிய கம்பெனிகளுக்கும் பெரிய ஆலைகளுக்கும் போகிறது, குடிசைக்கு வருவதில்லை" என்பது மறுபக்கம்.

உதவின்னா இலவசமா?

இல்லை. வெளிநாட்டு உதவி என்றதும் யாரோ சும்மா தூக்கிக் கொடுத்தது போல ஒரு எண்ணம் வரும். மின் திட்டங்களில் மானியமாக வந்தது சொற்பம். பெரும்பாலானது கடன். வட்டி குறைவாக இருக்கும், திருப்பிக் கட்ட நீண்ட அவகாசம் இருக்கும், கடனுக்கு மத்திய அரசு உத்தரவாதம் நிற்கும். அதோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வரும்: கொடுக்கும் நாட்டின் இயந்திரத்தை வாங்கு, கொடுக்கும் நாட்டின் நிபுணரை வைத்துக்கொள். கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அப்படியே அவர்கள் ஊர் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய்விடும்.

இன்னொரு சிக்கல், கடன் வெளிநாட்டுப் பணத்தில் இருப்பது. 2000-ம் ஆண்டு வாக்கில் ஒரு யூரோ 40-45 ரூபாய்க்குள் இருந்தது. 2025-ல் அது 100 ரூபாயைத் தாண்டியது. அன்றைக்கு வாங்கிய ஒரு யூரோவை இன்றைக்குத் திருப்பிக் கட்ட இரண்டு மடங்குக்கும் மேல் ரூபாய் வேண்டும். வட்டி விகிதம் குறைவு என்று மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு கண்ணில் படாது.

நெய்வேலிக்கு ரூபிள் வந்தது எப்படி?

1930-களில் தென்னாற்காடு மாவட்டம் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. சென்னை மாகாணத்துக்கு அன்றைக்கு இது சாதாரண விஷயம் இல்லை. கரி வேண்டும் என்றால் வங்காளம், பீகார் சுரங்கங்களிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் வந்தாக வேண்டும். அணைகளில் தண்ணீர் இருந்தால் மின்சாரம், மழை பொய்த்தால் மின்வெட்டு.

1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு நவம்பரில் சோவியத் யூனியன் இந்தியாவுக்கு 50 கோடி ரூபிள் கடன் தர ஒப்பந்தம் போட்டது. வட்டி 2.5 சதவீதம், 12 ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தக் கடனில் அடங்கிய திட்டங்களில் நெய்வேலி அனல்மின் நிலையமும் ஒன்று.

சோவியத் கடனில் ஒரு வசதி இருந்தது. டாலர் தேட வேண்டியதில்லை; ரூபாயிலேயே கட்டலாம், அந்த ரூபாயை வைத்து அவர்கள் நம் சரக்குகளை வாங்கிக்கொள்வார்கள். அந்நியச் செலாவணிக்கு மத்திய அரசு திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. சுரங்கத்துக்குள் வேலை செய்த பிரமாண்ட வாளிச்சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அதாவது பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, கரியை வெட்டுவது மேற்கு ஜெர்மன் இயந்திரம், அதை எரிப்பது சோவியத் கொதிகலன்! இரண்டு பக்கமும் உறவு வைத்துக்கொள்ளும் நேருவின் கொள்கையை நேரில் பார்க்க வேண்டும் என்றால் அன்றைக்கு நெய்வேலிக்குத்தான் போயிருக்க வேண்டும்.

1961-ல் நிலக்கரிப் படுகை கண்ணில் பட்டது. 1962-ல் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. 250 மெகாவாட் என்று ஆரம்பித்த திட்டம் விரிந்து, 1970-ல் 600 மெகாவாட்டாக முடிந்தது. தமிழ்நாட்டின் பம்புசெட்டுகளும் கோயம்புத்தூர் மில்களும் வளர்ந்த காலத்தில் இந்த மின்சாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இதை மறுத்துவிட்டு இந்த விவாதத்தைப் பேசுவது நியாயம் ஆகாது. அந்த நிலையம் 2020-ல்தான் முழுமையாக மூடப்பட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

அடுத்து ஜெர்மனி. 1980-களிலும் 90-களிலும் இரண்டாம் அனல்மின் நிலையம் எழுந்தது. 210 மெகாவாட்டில் ஏழு அலகுகள், மொத்தம் 1,470 மெகாவாட். முதல் கட்டத்துக்குக் கொதிகலன்கள் ஹங்கேரியிலிருந்தும் விசையாழிகள் இத்தாலியிலிருந்தும் வந்தன. நெய்வேலியின் விரிவாக்கத்துக்கு ஜெர்மன் அரசின் வளர்ச்சி வங்கியான கே.எஃப்.டபிள்யூ. கடன் கொடுத்தது. மத்திய அரசின் உத்தரவாதத்தோடு வாங்கிய அந்தக் கடன், என்.எல்.சி.யின் ஆண்டறிக்கைகளில் யூரோ கணக்காக இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்து வந்தது.

சென்னைப் பக்கம் ஆசிய வளர்ச்சி வங்கி. அந்த வங்கியைத் தொடங்கிய நாடுகளில் ஒன்றாக இருந்தும், இந்தியா அதனிடம் கடன் வாங்க ஆரம்பித்தது 1986-ல்தான். ஆரம்பத்திலேயே போன பணங்களில் ஒன்று அத்திப்பட்டில் எழுந்த வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு. 630 மெகாவாட் திறனுள்ள அதன் முதல் நிலை 1990-களின் நடுவில் முடிந்தது.

மின்சாரத்துக்குப் பெயர் ஒட்டி அனுப்ப முடியாது. நெய்வேலியில் உற்பத்தியானதும், அத்திப்பட்டில் உற்பத்தியானதும், குந்தா அணையிலிருந்து வந்ததும் ஒரே தொகுப்பில் கலந்துதான் ஓடும். (நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டத்துக்கும் 1950-களில் கனடா உதவி செய்தது, அது வேறு கதை.) ஆகவே ஜவ்வாது மலையில் எரியும் பல்பில் இவை எல்லாவற்றுக்கும் ஒரு துளி பங்கு இருக்கிறது.

விலை கொடுத்தது யார்?

கடனைக் கட்டியது அரசு, அதாவது எல்லோரும். இன்னொரு விலை இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பக்கத்தில் இருந்தவர்கள்.

நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்துக்குள் வேலை நடக்கும். சுற்றுவட்டார விவசாயிகள் நீர்மட்டம் கீழே போய்விட்டது என்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சுரங்கம் விரிய விரிய ஊர்கள் காலி ஆகின. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை டிவியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிலம் பல வருஷத்துக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். கதிர் வரும் நேரத்தில் ஏன், அறுவடை வரைக்கும் பொறுக்க முடியாதா என்பது ஊராரின் கேள்வி. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது நீதிமன்றம்.

2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்தது. அன்றே ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதத்திலும் அதே நிலையத்தில் ஒரு விபத்து நடந்திருந்தது.

அத்திப்பட்டில் சாம்பல். ஆலையிலிருந்து சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்களில் கசிவு ஏற்பட்டு, சாம்பல் கரைசல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. எண்ணூர் மீனவர்கள் இதற்காகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் அலைந்தார்கள். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மணிலா அதிகாரிகளுக்கு இந்த ஆற்றங்கரை தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

சரி, மலைக்கு ஏன் கடைசியில் வந்தது?

கதையின் முக்கியமான இடம் இதுதான். இத்தனை மெகாவாட் வந்த பிறகும், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களின் குக்கிராமங்களுக்கு மின்சாரம் சமவெளிக்குப் பல வருஷம் கழித்துத்தான் ஏறியது. மாநிலத்தில் மின்சாரம் போதாமல் இருந்ததுதான் காரணம் என்று நினைத்தால் தப்பு. போதாமல் இருந்தது கம்பம்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது ஜவ்வாது மலை. பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். சாமை, தேன், புளி என்று மழையையும் காட்டையும் நம்பிய வாழ்க்கை. பத்து வீடு இங்கே, இருபது வீடு அங்கே என்று சிதறிய ஊர்கள். நடுவில் காப்புக்காடு. ஒரு டவுனில் நூறு மீட்டர் கம்பி இழுத்தால் ஐம்பது வீட்டுக்கு இணைப்பு கொடுக்கலாம். மலையில் கிலோமீட்டர் கணக்கில் இழுத்தாலும் பத்து வீடுதான் சேரும். அந்தப் பத்து வீடும் மாதம் எவ்வளவு யூனிட் எரிக்கப் போகிறது? குடிசை இணைப்பு என்றால் கட்டணமே இல்லை. வருமானக் கணக்குப் பார்க்கும் எந்த வங்கிக்கும் இது ருசிக்காது.

அடுத்து காடு. காட்டு நிலத்தில் கம்பம் நட வனத்துறை அனுமதி வேண்டும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி திறந்தது. அதன் 3(2) பிரிவின்படி பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, சாலை, மின்கம்பி போன்ற 13 வகைத் தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மற்ற திட்டங்களைப் போல டெல்லி வரைக்கும் கோப்பு போக வேண்டியதில்லை. ஆனால் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்பது கிராம சபைக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏரியா அதிகாரிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"மின்வசதி பெற்ற கிராமம்" என்ற சொல்லே ஏமாற்றும். 2004-ல் மத்திய அரசு வகுத்த வரையறைப்படி, ஊரில் 10 சதவீத வீடுகளுக்கும் பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கும் இணைப்பு இருந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம். மீதி 90 வீடு இருட்டில் இருந்தாலும் பட்டியலில் டிக் விழுந்துவிடும். 2018 ஏப்ரலில் நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அறிவித்தது இந்தக் கணக்கில்தான். வீடு வீடாக எண்ணும் சௌபாக்யா திட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான், 2017-ல், தொடங்கியிருந்தது. கிராமத்தை எண்ணுவது போதாது என்று அரசுக்கே தெரிந்ததால்தானே அப்படி ஒரு திட்டம் தேவைப்பட்டது.

இந்த மலையில் இருட்டுக்கு மதிப்பு உள்ள ஒரு இடமும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆலங்காயம் பக்கம் காவலூர். ஊர் வெளிச்சம் இல்லாத தெளிவான வானம் வேண்டும் என்று தேடிய விஞ்ஞானி வைணு பாப்பு 1960-களில் தேர்ந்தெடுத்த இடம் அது. 1972-ல் அங்கே நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகர் கார்ல் ஸைஸ் தயாரிப்பு. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் இருப்பதைக் கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. நெய்வேலிக்கு மேற்கு ஜெர்மனி, காவலூருக்குக் கிழக்கு ஜெர்மனி.

ஏழை பெயரைச் சொல்லி வாங்கிய பெரிய கடன்

நெய்வேலி பழைய கதை என்று ஒதுக்குபவர்கள் குஜராத்தின் முந்த்ராவைப் பார்க்கலாம். கட்ச் கடற்கரையில் டாடா பவர் கட்டிய 4,000 மெகாவாட் நிலையம். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி. 2008-ல் 45 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆசிய வளர்ச்சி வங்கியும் 45 கோடி டாலர். ஐந்து மாநிலங்களுக்கு யூனிட் சராசரியாக 2 ரூபாய் 26 காசுக்கு மலிவு மின்சாரம் என்பதுதான் கடனுக்குச் சொன்ன நியாயம்.

அந்த விலை நிற்கவில்லை. ஆலை நம்பியது இந்தோனேசிய நிலக்கரியை. அந்த நாடு ஏற்றுமதி விலை விதிகளை மாற்றியதும் கரி விலை ஏறியது. 2.26 ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது என்று நிறுவனம் ஒழுங்குமுறை ஆணையம், உச்ச நீதிமன்றம் என்று வருஷக்கணக்கில் போராடியது. மலிவு என்று சொல்லி வாங்கிய கடன், வெளிநாட்டுக் கரியின் விலையில் மாட்டிக்கொண்டது.

பக்கத்து மீனவர்களும் விவசாயிகளும் ஆலை வெளியேற்றும் வெந்நீர், சாம்பல், நிலத்தடி நீரில் உப்பு ஏறியது பற்றிப் புகார் கொடுத்தார்கள். ஐ.எஃப்.சி.யின் உள்கண்காணிப்பு அமைப்பே 2013-ல் அளித்த தணிக்கை அறிக்கையில் நிறுவனத்தின் மேற்பார்வையில் குறைகள் இருந்ததாகச் சொன்னது. அதற்குப் பிறகும் சரியான தீர்வு வரவில்லை என்று கூறி, புத்த இஸ்மாயில் ஜாம் என்ற மீனவரும் மற்றவர்களும் 2015-ல் அமெரிக்க நீதிமன்றத்துக்கே போனார்கள். "எங்க மேல வழக்கே போட முடியாது" என்றது ஐ.எஃப்.சி. சர்வதேச அமைப்புகளுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று 1945-ம் ஆண்டின் சட்டம் ஒன்றைக் காட்டியது.

2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-1 என்ற கணக்கில் மீனவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு என்றது. கட்ச் மீனவர் வாஷிங்டனில் ஜெயித்தார் என்று தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. புகாருக்குரிய செயல் நடந்தது இந்தியாவில், அமெரிக்காவில் அல்ல என்று சொல்லி கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலும் 2021-ல் அதே முடிவு. 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்க மறுத்துவிட்டது. மீனவர்களுக்கு அந்த வழக்கில் ஒரு ரூபாய் கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் மெடுப்பி நிலக்கரி மின் நிலையத்துக்கு 2010-ல் உலக வங்கி கொடுத்த 375 கோடி டாலர் கடனும் இதே "ஏழைகளுக்கு மின்சாரம்" வாதத்தோடுதான் நிறைவேறியது. அதன் கடைசி அலகு முடிய 2021 ஆகிவிட்டது. அதற்குள் அந்த நாட்டில் மின்வெட்டு தினசரி வாழ்க்கையாகிப் போனது.

பணத்தை நிறுத்தியது யார், எப்போது?

உலக வங்கி 2013-ல், வேறு வழியே இல்லாத அரிய நிலையில் தவிர நிலக்கரிக்குக் கடன் இல்லை என்றது. 2021-ல் வரிசையாக அறிவிப்புகள்: ஆசிய வளர்ச்சி வங்கி, ஜி-7 நாடுகள், செப்டம்பரில் ஐ.நா. சபையில் சீன அதிபர் ஷி ஜின்பிங். நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், வெளிநாடுகளில் புதைபடிவ எரிபொருளுக்குப் பொதுப்பணம் கொடுப்பதை 2022 இறுதிக்குள் நிறுத்துவோம் என்று பல நாடுகளும் வங்கிகளும் சேர்ந்து கையெழுத்திட்டன.

இலங்கையில் இந்த மாற்றத்தை இரண்டே ஊர்களில் பார்த்துவிடலாம். நுரைச்சோலையில் சீனக் கடனில் எழுந்த 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இன்றைக்கும் அந்த நாட்டின் மின்சாரத்துக்கு முதுகெலும்பு. அடிக்கடி பழுதாவதும் அதுவே. திருகோணமலை சம்பூரில் இந்தியா கட்டுவதாக இருந்த நிலக்கரி நிலையம் 2016-ல் கைவிடப்பட்டது. அங்கே இப்போது சூரியசக்தித் திட்டம்.

இந்தியாவுக்கு இந்தத் தடை பெரிதாக வலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வங்கி கொடுக்காவிட்டால் பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், ஆர்.இ.சி. என்று நம் பொதுத்துறை நிறுவனங்களே கடன் கொடுக்கின்றன. 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் மூன்றாம் நிலையைத் திறந்தார்கள். உடன்குடியிலும் வேலை நடக்கிறது. சொந்தமாகப் பணம் திரட்டத் தெரிந்த நாடு கரி எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. தடை உண்மையில் கட்டிப்போடுவது அந்த வசதி இல்லாத நாடுகளை. ஆப்பிரிக்கத் தலைவர்களின் கோபத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மொசாம்பிக் வீட்டில் விளக்கு எரிய எரிவாயு வேண்டுமா வேண்டாமா என்று வாஷிங்டனில் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிறார்கள்.

அடுப்பைப் பற்றி யாரும் பேசலையே?

மலையில் ஒரு வீட்டுக்கு "புதைபடிவ எரிபொருள்" என்றால் மின் நிலையம் நினைவுக்கு வராது. சிலிண்டர்தான் வரும். சமையல் எரிவாயுவும் கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதுதான். ஆனால் காட்டிலிருந்து விறகுச் சுமையைத் தலையில் தூக்கி வந்து, ஊதி ஊதி எரித்து, புகையில் நிற்கும் பெண்ணுக்கு அது பெரிய நிம்மதி. 2007-ல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. இணைப்பு கிடைத்துவிடும். அடுத்த சிலிண்டரை வாங்கும் பணமும், அதை மலைக்கு மேல் கொண்டுவரும் வண்டியும்தான் பிரச்சினை. அதனால் அடுப்பு ஒரு மூலையில் இருக்கும், விறகும் ஒரு பக்கம் எரியும்.

நாடு பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. உலகச் சந்தையில் விலை ஏறினால் அது நேராக இந்த அடுப்புக்கு வந்து நிற்கும். ஏழைகளுக்கு எரிபொருள் வேண்டும் என்று வாதாடுபவர்கள் இந்தச் சிலிண்டரை நிரப்பும் செலவுக்கு வழி சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது. ஆனால் விவாதம் எப்போதும் ஆயிரம் மெகாவாட், நூறு கோடி டாலர் என்ற அளவிலேயே நிற்கிறது.

அதே ஜெர்மன் வங்கி, இப்போது வேறு கடன்

2022 மே மாதம் இந்தியாவும் ஜெர்மனியும் பசுமை வளர்ச்சி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. 2030 வரை 1,000 கோடி யூரோ அளவுக்கு ஒத்துழைப்பு என்று ஜெர்மனி சொன்னது. அதற்கும் முன்பிருந்தே கே.எஃப்.டபிள்யூ. வங்கி தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் பசுமை மின்வழித்தடத்துக்குக் கடன் கொடுத்து வருகிறது. தென்மாவட்டக் காற்றாலைகளின் மின்சாரத்தை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோகும் உயர் அழுத்தக் கம்பிகளும் துணைமின் நிலையங்களும் அந்தப் பணத்தில் எழுகின்றன. நெய்வேலிக் கரிக்குக் கடன் கொடுத்த அதே வங்கி. இதுவும் யூரோ கடன்தான், இதற்கும் மத்திய அரசு பின்னால் நிற்கிறது, ரூபாய் சரிந்தால் இதிலும் சுமை ஏறும்.

இந்த மின்சாரமும் அதே தொகுப்பில் கலந்து ஜவ்வாது மலைக்கு ஏறும். மலைமேல் மழைக்காலத்தில் கம்பியில் கிளை முறிந்து விழுந்தால் பல்பு அணையும். மின்சாரம் கரியில் வந்ததா காற்றில் வந்ததா என்பது அப்போது ஒரு பொருட்டே இல்லை. லைன்மேன் ஏறி வர வேண்டும். உயர் அழுத்தப் பாதை முடியும் துணைமின் நிலையத்திலிருந்து கடைசிக் குக்கிராமம் வரைக்கும் போகும் கம்பம் எதுவும் அந்த ஜெர்மன் கடனில் இல்லை. அதற்குத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் பணம், கிராம சபையின் தீர்மானம், வன அதிகாரியின் கையெழுத்து மூன்றும் வேண்டும்.